மூலையில் கிடக்கும் களைக்கருவி: யாரிடம் கேட்பது?

மானியத்தில் வாங்கிய கோனோவீடர், மாட்டுக்கொட்டகை மூலையில் துருப்பிடித்துக் கிடப்பதைப் பார்த்திருப்போம். 'விவசாயிகளுக்கு ஆர்வமில்லை' என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால், கருவியை வாங்குபவர் ஒருவர். வயலில் தள்ளுபவர் வேறொருவர்.

திருந்திய நெல் சாகுபடியில் 25 செ.மீ. இடைவெளியில் சதுர நடவு செய்து, நட்ட 10-ம் நாள் முதல் 10 நாட்களுக்கு ஒருமுறை களைக்கருவி ஓட்டப் பரிந்துரைக்கிறார்கள். களை மண்ணில் அமுங்கி உரமாகும். வேருக்குக் காற்றும் கிடைக்கும். ஆனால், கையால் களை பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கருவி கனமாக இருந்தாலோ, சேற்றில் சிக்கினாலோ, கைப்பிடி உயரம் பொருந்தாவிட்டாலோ அவர்கள் தொடமாட்டார்கள். ஆண்கள் ஓட்டினால், பெண்களுக்குக் கூலி நாள் குறையும். இதெல்லாம் கூட்டம் போட்டுக் கேட்டால் வெளியே வராது.

கருவியோ, ரகமோ, செல்போன் செயலியோ, எதைச் சோதித்தாலும் குழுவினர் கவனிக்க வேண்டியவை:

* என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம் என்பதைக் கிளம்பும் முன்பே எல்லோரும் பேசி முடிவு செய்யுங்கள்.

* விரிவாக்க அலுவலரை மட்டும் அனுப்பாதீர்கள். வடிவமைத்த பொறியாளரும் வரப்பில் நிற்கட்டும். அறிக்கையில் படிப்பதைவிட, கண்ணால் பார்ப்பது மனதில் பதியும்.

* 'நல்லா இருக்கா?' என்று கேட்டால், 'நல்லாத்தான் இருக்கு சார்' என்றே பதில் வரும். 'போன தடவை ஓட்டும்போது எந்த இடத்துல நிறுத்தினீங்க, ஏன்?' என்று கேளுங்கள். அரை மணி நேரம் ஓட்டச் சொல்லி, குறுக்கிடாமல் கவனியுங்கள். அது அவர்களின் கூலி நேரம் என்றால், கூலியைக் கொடுத்துவிடுங்கள்.

* பார்த்ததையும் நினைத்ததையும் தனித்தனியே எழுதுங்கள். 'மூன்று முறை நின்று சேற்றைத் தட்டினார்' என்பது பார்த்தது. 'பழக்கம் போதாது' என்பது நம் ஊகம். அன்று மாலையே குழுவாக உட்கார்ந்து குறிப்புகளை ஒப்பிடுங்கள்.

* முன்னோடி விவசாயியோடு நிறுத்தாமல், கருவியைக் கைவிட்டவரையும் தேடிப் போங்கள். குறை அவருக்குத்தான் தெரியும்.

* என்ன மாற்றினோம், எதை மாற்ற முடியவில்லை என்பதைத் திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அடுத்த முறை யாரும் மனம் திறக்கமாட்டார்கள்.

விவசாயிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அலுவலர்கள் வந்து கேட்கும்போது, மரியாதைக்காக 'நல்லா இருக்கு' என்று சொல்லி அனுப்பாதீர்கள். வீட்டுப் பெண்களையும், களை எடுக்க வருபவர்களையும் பேச விடுங்கள். குறையைச் சொன்னால்தான் கருவி திருந்தும்.