தொண்ணூற்றொன்பது பேரும் ஒரு நீதிபதியும்

அரசு ஒரு குழு அமைத்தால் அந்த விஷயம் கிணற்றில் போட்ட கல் என்பது நம் அனுபவம். அயர்லாந்து மக்களுக்கும் அதே அனுபவம்தான். அதனால் 2016இல், கருக்கலைப்புச் சட்டத்தை என்ன செய்யலாம் என்று யோசித்துச் சொல்ல 99 சாதாரணக் குடிமக்களை அழைத்து அவர்களுடைய அரசு ஓர் அவை அமைத்தபோது, இரு தரப்பும் முகம் சுளித்தன. மாற்றம் கேட்டவர்களுக்கு அது காலம் கடத்தும் வேலையாகத் தெரிந்தது. மாற்றம் கூடாது என்றவர்களோ, முடிவைத் தயாராக வைத்துக்கொண்டு ஆடும் நாடகம் என்று சந்தேகப்பட்டார்கள்.

முதல் சந்தேகம் பொய்யில்லை. பிரதமர் என்டா கென்னியின் கட்சிக்குள்ளேயே இந்த விஷயத்தில் இரண்டு அணிகள். அவருக்குத் தேவைப்பட்டது அவகாசம். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எந்தத் தலைவரும் தொடத் துணியாத முடிச்சு அவிழத் தொடங்கியதே இந்த நழுவலில்தான்.

முடிச்சு விழுந்ததும் அரசியல்வாதிகளின் பயத்தால்தான். பிரிட்டிஷ் ஆட்சியின் 1861ஆம் ஆண்டுச் சட்டப்படி அயர்லாந்தில் கருக்கலைப்பு ஏற்கெனவே குற்றம். அது போதாது, நீதிமன்றமோ நாடாளுமன்றமோ என்றைக்கும் தளர்த்த முடியாதபடி அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும் என்று 1981இல் ஓர் இயக்கம் கிளம்பியது. பதினெட்டு மாதங்களில் மூன்று பொதுத்தேர்தல்கள் நடந்த காலம் அது. ஒவ்வொரு வாக்கும் கணக்கு. இரு பெரிய கட்சிகளின் தலைவர்களும் வாக்குறுதி கொடுத்துவிட்டார்கள். கருவின் உயிர் உரிமையும் தாயின் உயிர் உரிமையும் சமம் என்ற வாசகம் தெளிவில்லாதது, குழப்பத்தில்தான் கொண்டுபோய் விடும் என்று அட்டர்னி ஜெனரல் பீட்டர் சதர்லேண்ட் முன்கூட்டியே எச்சரித்தார். கேட்பாரில்லை. 1983 செப்டம்பர் 7 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் சுமார் 67 சதவீத ஆதரவுடன் எட்டாவது திருத்தம் நிறைவேறியது.

ஒன்பதே ஆண்டுகளில் சதர்லேண்ட் சொன்னது நடந்தது. பாலியல் வன்கொடுமையால் கருவுற்ற 14 வயதுச் சிறுமியை 1992இல் பெற்றோர் இங்கிலாந்துக்கு அழைத்துப்போனார்கள். குற்றவாளிக்கு எதிரான சாட்சியமாகக் கருத் திசு உதவுமா என்று அவர்கள் போலீசிடம் கேட்டதுதான் வினையானது. அரசே நீதிமன்றம் போய், அந்தச் சிறுமி நாட்டைவிட்டு வெளியேறத் தடை வாங்கியது. தற்கொலை அபாயமும் உயிர் அபாயமே என்று சொல்லி உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது. இத்தனை ஆண்டுகள் ஒரு சட்டம்கூட இயற்றாமல் இருந்தது மன்னிக்க முடியாதது என்று நாடாளுமன்றத்தைக் கண்டிக்கவும் செய்தார் நீதிபதி நையல் மெக்கார்த்தி. அதன் பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல் சட்டம் வரவில்லை. வெளிநாடு போய் வருவதையும் அங்குள்ள சேவைகள் பற்றிய தகவலையும் தடுக்கக் கூடாது என்ற திருத்தங்கள் மட்டும் வந்தன. 2016இல் மட்டும் இங்கிலாந்து, வேல்ஸ் மருத்துவமனைகளில் அயர்லாந்து முகவரி கொடுத்துக் கருக்கலைப்பு செய்துகொண்டவர்கள் 3,265 பேர். படகிலோ விமானத்திலோ போகக் காசில்லாதவர்களும் விசா இல்லாதவர்களும் எந்தக் கணக்கிலும் இல்லை.

பிறகு சவிதா ஹலப்பனவர். கர்நாடகத்தின் பெல்காமிலிருந்து போன பல் மருத்துவர், வயது 31. 2012 அக்டோபரில், 17 வாரக் கர்ப்பம் கலையத் தொடங்கிய நிலையில் கால்வே மருத்துவமனையில் சேர்ந்தார். குழந்தை பிழைக்காது என்று தெரிந்தபின், கருவை அகற்றிவிடுங்கள் என்று அவரும் கணவரும் கேட்டார்கள். கருவின் இதயம் துடித்துக்கொண்டிருக்கும்வரை முடியாது என்பது பதில். ரத்தத்தில் கிருமித்தொற்று பரவி அக்டோபர் 28 அன்று இறந்தார். 1971ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் அவர் பிறந்த நாட்டில் இதற்கு வழிவிட்டிருக்கும். அந்தச் சட்டம் வந்த விதமும் வேறு. சாந்திலால் ஷா குழுவின் பரிந்துரையிலிருந்து நாடாளுமன்றம் வழியாக, தெருவில் பெரிய சத்தம் ஏதும் இல்லாமல் வந்தது.

சவிதாவின் மரணத்தை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் இலங்கைத் தமிழரான மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் சர் சபாரத்தினம் அருள்குமரன். எட்டாவது திருத்தத்தை ஆதரித்தவர்கள் ஒரு வாதத்தை விடாமல் சொல்லிவந்தார்கள்: கொன்றது சட்டமல்ல, கிருமித்தொற்றைக் கவனிக்காத மருத்துவக் குறைபாடு. இது வெறும் சமாளிப்பு அல்ல. அருள்குமரன் குழுவின் அறிக்கையே கண்காணிப்பில் நடந்த தவறுகளை அடுக்கியது. ஆனால் அதே அறிக்கை, இதயத்துடிப்பு நிற்கட்டும் என்று காத்திருந்ததையும் சுட்டியது. 2017இல் நாடாளுமன்றக் குழுவின் முன் அவர் இன்னும் வெளிப்படையாகப் பேசினார்; மருத்துவர்களின் கையைக் கட்டிப்போட்டது சட்டம்தான் என்றார். கவனக்குறைவும் சட்டமும் ஒன்றுக்கொன்று மாற்றுக் காரணங்கள் அல்ல என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. எப்போது கை வைத்தால் ஜெயில் என்று தெரியாத மருத்துவர், காத்திருக்கத்தான் செய்வார். 2013இல் வந்த புதிய சட்டமும் உயிர் அபாயத்துக்கு மட்டுமே வழிவிட்டது. மீறினால் 14 ஆண்டுகள்வரை சிறை.

இந்தப் பின்னணியில்தான் 99 பேரும், தலைவராக நீதிபதி மேரி லஃபாயும் டப்ளினுக்கு வடக்கே மாலஹைட் என்ற கடலோர ஊரின் ஹோட்டல் ஒன்றில் கூடினார்கள். வயது, பாலினம், வட்டாரம், வர்க்கம் பார்த்து, நாட்டின் ஒரு சிறு மாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். சம்பளம் கிடையாது. ஐந்து வார இறுதிகளில் வட்ட மேசைகளைச் சுற்றி உட்கார்ந்து மருத்துவர்களையும் சட்ட நிபுணர்களையும் அறநெறி அறிஞர்களையும் இருதரப்பு இயக்கங்களையும் கேட்டார்கள். கருக்கலைப்பை நேரில் சந்தித்த பெண்களின் குரல் பதிவுகளையும் கேட்டார்கள். டிவி விவாதங்களில் ஒருவர் முடிக்குமுன் இன்னொருவர் பாய்வார். இங்கே அடுத்த தேர்தல், டிக்கெட் என்ற கவலை யாருக்கும் இல்லை. கேட்க மட்டுமே வந்தவர்கள்.

2017 ஏப்ரலில் முடிவு வந்தபோது அரசியல்வாதிகள் ஆடிப்போனார்கள். வன்கொடுமை, கருவின் குறைபாடு போன்ற சில விலக்குகளோடு நின்றுவிடுவார்கள் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. அவையோ, திருத்தம் இப்படியே நீடிக்கக் கூடாது என்று 87 சதவீதமும், காரணம் கேட்காமலே அனுமதிக்கலாம் என்று 64 சதவீதமும் வாக்களித்திருந்தது. அடுத்து நாடாளுமன்றக் குழுவும் கிட்டத்தட்ட அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. வன்கொடுமைக்கு மட்டும் விலக்கு என்றால், பாதிக்கப்பட்ட பெண் அதை யாரிடம், எப்படி, எத்தனை வாரத்துக்குள் நிரூபிப்பாள்? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காததும், கருக்கலைப்பு மாத்திரைகள் ஏற்கெனவே தபாலில் வந்துகொண்டிருந்ததும் சேர்ந்துதான், காரணம் கேட்காமல் அனுமதிக்க 12 வாரம் என்ற வரம்பைக் கொண்டுவந்தன. எதிர்க்கட்சித் தலைவர் மிஹால் மார்ட்டின், தன் கட்சியில் பெரும்பாலோர் எதிர்த்தும், 2018 ஜனவரியில் சபையில் எழுந்து திருத்தத்தை நீக்க ஆதரவு தெரிவித்தார்.

2018 மே 25 அன்று வாக்கெடுப்பு. அயல்நாடுகளில் இருந்த இளைஞர்கள் வாக்களிப்பதற்கென்றே விமானம் ஏறி வந்தார்கள். நீக்கலாம் என்றவர்கள் 14,29,981 பேர். கூடாது என்றவர்கள் 7,23,632 பேர். மறுத்த ஒரே தொகுதி வடமேற்கு மூலையிலுள்ள டோனகல். 1983இல் கிடைத்த அதே அளவு பெரும்பான்மை, இப்போது எதிர்த்திசையில். கூடாது என்ற ஏழு லட்சம் பேரையும் பாதிரியார் சொல் தட்டாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. ‘டவுன் சிண்ட்ரோம்’ குழந்தைகளைப் பெற்றவர்கள், தங்கள் பிள்ளைகளைப் போன்றவர்கள் இனிப் பிறக்காமலே போவார்களோ என்று கேட்டது உண்மையான கவலை. அதற்கு வெற்றி பெற்ற தரப்பு முழுப் பதில் சொல்லிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

2019 ஜனவரி 1 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 12 வாரம்வரை காரணம் சொல்ல வேண்டாம். ஆனால் மருத்துவர் சான்றளித்தபின் மூன்று நாள் காத்திருக்க வேண்டும். தயங்கிய வாக்காளர்களைச் சமாதானப்படுத்தச் சேர்த்த நிபந்தனை இது. இந்தக் காத்திருப்பைக் கட்டாயமாக்க வேண்டாம் என்று 2023இல் வழக்கறிஞர் மேரி ஓஷேயின் ஆய்வு பரிந்துரைத்தது. அரசு அந்த அறிக்கையை நாடாளுமன்றச் சுகாதாரக் குழுவுக்கு அனுப்பிவைத்தது. 12 வாரத்துக்குப் பிறகு கருவில் கடுமையான கோளாறு தெரிந்தால், பிறப்பதற்கு முன்போ பிறந்து 28 நாளுக்குள்ளோ குழந்தை இறந்துவிட வாய்ப்பு அதிகம் என்று இரண்டு மருத்துவர்கள் கையெழுத்திட வேண்டும். அவ்வளவு உறுதியாக எழுதித்தர முடியாத நிலை பல நேரங்களில் வருகிறது. புதிய சட்டத்தின் முதல் ஆண்டிலும் இங்கிலாந்து, வேல்ஸ் மருத்துவமனைகளில் அயர்லாந்து முகவரி எழுதிக்கொடுத்த பெண்கள் 375 பேர்.