தேரில் ஆடும் தொம்பை: துண்டுத் துணி கலையாவது எப்படி?

திருச்சி,-

திருச்சி, தஞ்சை பக்கம் எந்த தேரோட்டத்துக்கு போனாலும் தேரின் மேல்தட்டில் சிவப்பும் மஞ்சளுமாக, குழல் போல நீளமாக துணி தொங்குவதை பார்க்கலாம். தேர் அசைந்தால் அதுவும் ஆடும். 'தூண் மாதிரி இருக்கே, அது என்ன?' என்று குழந்தைகள் கேட்கும். அதன் பெயர் தொம்பை.

தொம்பையில் உள்ள மயில், கிளி, யாளி, தாமரை எதுவும் வரைந்தது அல்ல. எல்லாம் வெட்டி ஒட்டி தைத்த துண்டுத் துணிகள். தஞ்சாவூர், கும்பகோணம் பகுதியில் பரம்பரையாக நடந்து வரும் கைத்தொழில் இது.

எப்படி தைக்கிறார்கள்?

முதலில் அட்டையில் உருவம் வெட்டிக் கொள்கிறார்கள். அதை வைத்து மஞ்சள், வெள்ளை, பச்சை, கறுப்பு பருத்தி துணிகளில் துண்டு எடுக்கிறார்கள். துண்டுகளை சிவப்பு துணி மேல் பசை தொட்டு நிறுத்தி, ஓரத்தை மடித்து தைப்பார்கள். உருவம் எடுப்பாக தெரிய, சுற்றிலும் வெள்ளை நூல்கயிறு ஓடும். இப்படி கட்டம் கட்டமாக முடித்த பிறகுதான் எல்லாவற்றையும் இணைத்து குழலாக சுருட்டி, உள்ளே வளையம் கொடுத்து, அடியில் குஞ்சம் கட்டுகிறார்கள்.

இதில் ஒரு சவுகரியம் உண்டு. ஒரு மயில் கிழிந்தால் மொத்த தொம்பையையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. அந்த மயிலை மட்டும் பிரித்து வேறு மயில் தைத்தால் போதும்.

ஒடிசாவில் பூரி ஜெகநாதர் தேர்களுக்கு இதே ஒட்டுத்துணி வேலைதான். அதற்கு பெயர் பெற்ற ஊர் பிப்லி. அங்கே தேருக்கு ஒரு நிறம். ஜெகநாதர் தேருக்கு சிவப்பு, மஞ்சள். பலபத்திரர் தேருக்கு சிவப்பு, பச்சை. சுபத்திரை தேருக்கு சிவப்பு, கறுப்பு.

அமெரிக்காவில் 1840-களில் பெண்கள் ஆளுக்கு ஒரு சதுரம் தைத்து, அதில் தங்கள் பெயர் எழுதி கொடுப்பார்கள். அதையெல்லாம் சேர்த்து ஒரே போர்வையாக்கி, ஊரை விட்டு போகும் தோழிக்கு கொடுத்து அனுப்புவது வழக்கம். நம்ம ஊர் கோவில் துணிகளிலும் உபயதாரர் பெயர் தைத்திருப்பதை பார்க்கலாம்.

துணி மாற்றும் உறவு

துணி கொடுத்து உறவு வளர்ப்பது ஸ்ரீரங்கத்துக்கு புதுசு இல்லை. சித்திரை தேரோட்டத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக்களைந்த மாலை, வஸ்திரம், கிளி ஆகியவை ஸ்ரீரங்கம் வருகின்றன. ஆடிப்பூர தேரோட்டத்துக்கு இங்கிருந்து ஆண்டாளுக்கு பட்டு போகிறது. ஆனிவார ஆஸ்தானத்துக்கு ஸ்ரீரங்கத்தில் இருந்து திருமலைக்கு வஸ்திரம் செல்கிறது. கைசிக ஏகாதசிக்கு திருமலையில் இருந்து ரங்கநாதருக்கு வஸ்திரம் வருகிறது. அன்று நம்பெருமாளுக்கு சாத்தப்படுவது 365 வஸ்திரங்கள். தைப்பூசத்தில் கொள்ளிடக்கரையில் அண்ணன் ரங்கநாதர் கொடுக்கும் சீர், தங்கை சமயபுரம் மாரியம்மனுக்கு போய் சேருகிறது.

போட்டிக்கு வந்த அச்சுத்துணி

தொம்பைக்கு இப்போது போட்டி அச்சுத்துணிதான். கையால் தைக்க நாள்கணக்கில் ஆகும். மிஷினில் அச்சடித்தால் சில மணி நேரம். விலையும் குறைவு. தேர், குடை, திரை என்று ஆர்டர் வருவதும் திருவிழா காலத்தில்தான். அதுவும் அச்சுக்கு போய்விட்டால் தைக்கிறவர் வேறு வேலை தேட வேண்டியதுதான். அவர் பிள்ளைக்கும் இந்த தொழிலை கற்றுக் கொடுக்க மனசு வராது.

முடிவு உபயதாரர் கையில்தான் இருக்கிறது. கோவிலுக்கு தொம்பையோ திரையோ வாங்கிக் கொடுக்க நினைப்பவர்கள் ஒன்று செய்யலாம். முன்பக்கம் விரலால் தடவிப் பாருங்க, துண்டின் விளிம்பு மேடு தட்டும். துணியை திருப்பிப் பாருங்க, பின்பக்கம் தையல் ஓடியிருக்கும். இரண்டும் இருந்தால் ஒட்டுத்துணி வேலை. மொழுமொழுவென்று வழுக்கினால் அச்சு.

பழைய தொம்பை நைந்து போனாலும் குப்பையில் போட அவசரப்பட வேண்டாம். தைக்கத் தெரிந்தவரிடம் கொடுத்தால் துணிக்கும் ஆயுள் கூடும், அவருக்கும் வேலை கிடைக்கும்.