ஐந்து வண்ணங்களில் ஒரு பள்ளி

அமெரிக்காவில் அரசுப் பள்ளிகளை நடத்துவது 'பள்ளி மாவட்டம்' என்ற உள்ளூர் அமைப்பு. நம் ஊர் வருவாய் மாவட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒரு சிற்றூரின் ஒரே பள்ளியும் தனி மாவட்டமாக இருக்கலாம். லாஸ் ஏஞ்சலஸின் நூற்றுக்கணக்கான பள்ளிகளும் ஒரே மாவட்டத்துக்குள் அடங்கலாம். கலிஃபோர்னியாவில் மட்டும் ஏறத்தாழ 1,000 மாவட்டங்கள் உள்ளன.

பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று இந்த மாவட்டங்கள் ஊருக்குச் சொல்லியாக வேண்டும். 2002இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சட்டம் ஒன்று, 3 முதல் 8 வரை ஒவ்வொரு வகுப்பிலும் வாசிப்பும் கணக்கும் சோதிக்கப்பட வேண்டும் என்றது. உயர்நிலைப் பள்ளியில் ஒருமுறை சோதித்தால் போதும். ஏழைப் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள், ஆங்கிலம் கற்றுவரும் குடியேறிகளின் பிள்ளைகள், வெவ்வேறு இனத்தவர் என முடிவுகளைப் பிரித்துக் காட்டவும் சொன்னது. சராசரிக்குள் யாரும் மறைந்துபோகக் கூடாது என்ற இந்த ஏற்பாடுதான் அச்சட்டத்தின் பெரிய நன்மை. 2015இல் வந்த அடுத்த சட்டமும் இதைக் கைவிடவில்லை.

ஆனால் பழைய முறையில் ஒரு கோளாறு இருந்தது. தேர்ச்சிக் கோட்டைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று மட்டுமே எண்ணினார்கள். கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும் பிள்ளையைத் தூக்கிவிட்டால் பள்ளிக்குப் பெயர் கிடைக்கும். வெகுதூரம் பின்தங்கிய பிள்ளை எவ்வளவு முன்னேறினாலும் கணக்கில் ஏறாது. உழைப்பு எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கலிஃபோர்னியா அதனால் தலைகளை எண்ணுவதை விட்டுத் தூரத்தை அளக்கிறது. அங்கே தேர்வு கணினியில் நடக்கிறது. சரியாக விடை சொன்னால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறினால் எளிதாகும். எல்லா வகுப்புக்கும் ஒரே அளவுகோல். மூன்றாம் வகுப்புக் கணக்கில் எட்ட வேண்டிய மதிப்பெண் 2436, நான்காம் வகுப்பில் 2485. ஒரு சிறுமி மூன்றாம் வகுப்பில் 2430 எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கோட்டுக்கு 6 புள்ளி குறைவு. மறு ஆண்டு 2480 எடுக்கிறாள். இப்போது 5 குறைவு. பெற்றோர் கைக்கு வரும் தாளில் இரண்டு ஆண்டும் அவள் நிலையைக் குறிக்கும் சொல் ஒன்றாகவே இருக்கும். அந்த ஒரே சொல்லுக்கு அடியில் அவள் 50 புள்ளி ஏறியிருக்கிறாள். எண்ணையும் சேர்த்துப் பார்க்கும் பெற்றோருக்குத்தான் அது தெரியும்.

பள்ளியின் எல்லாப் பிள்ளைகளும் கோட்டிலிருந்து நிற்கும் தூரத்தின் சராசரியே பள்ளியின் நிலை. இந்த ஆண்டு நிலை என்ன, சென்ற ஆண்டைவிட மாற்றம் என்ன என்று இரண்டையும் ஐந்தைந்து படிகளாகப் பிரித்து, 25 கட்டங்கள் கொண்ட பட்டியலில் பொருத்துகிறார்கள். கட்டத்துக்கு ஏற்ற வண்ணம் கிடைக்கிறது: சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம். நீலமே உச்சம். 2017 முதல் 'டேஷ்போர்டு' என்ற பெயரில் இவை வெளியாகின்றன. வருகையும் அதில் உண்டு: 180 நாள் பள்ளியில் 18 நாள் வராத பிள்ளை, காரணம் எதுவானாலும், 'தொடர்ந்து வராதவர்' ஆகிறார். பள்ளியிலிருந்து தற்காலிகமாக நீக்கப்பட்டவர்கள், படிப்பை முடித்தவர்கள் ஆகியோரின் விகிதங்களுக்கும் தனித்தனி வண்ணம் உண்டு.

இந்த ஏற்பாட்டிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. 'மாற்றம்' என்பது இந்த ஆண்டுப் பிள்ளைகளைச் சென்ற ஆண்டுப் பிள்ளைகளோடு ஒப்பிடுவது. இருவரும் ஒரே கூட்டமல்ல. மூத்த வகுப்பு வெளியேறி இளைய வகுப்பு உள்ளே வந்தாலே வண்ணம் மாறலாம். டென்னசி மாநிலம் 1990களிலேயே அதே பிள்ளையை ஆண்டுதோறும் பின்தொடர்ந்து, அது எவ்வளவு வளர்ந்தது என்று கணக்கிடத் தொடங்கியது. கற்பித்தலின் பலனை அறிய அதுவே நேரான வழி.

சிறிய பள்ளிகளுக்கு வேறொரு சிக்கல். ஏழைப் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள் போன்ற ஒரு பிரிவில் 30 பிள்ளைகளாவது இருந்தால்தான் பொதுவாக அதற்கு வண்ணம் தரப்படும். அதற்குக் குறைந்தால் அப்பிரிவின் தடுமாற்றம் எந்த வண்ணத்திலும் தெரியாது.

வண்ணம் வந்த பிறகு மாவட்டம் ஒரு திட்டம் எழுத வேண்டும். சிவப்பு விழுந்த பள்ளிக்கும் பிரிவுக்கும் என்ன செய்யப்போகிறது, எவ்வளவு செலவிடப்போகிறது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பெற்றோரும் ஊராரும் பேச இடமுள்ள பொதுக் கூட்டத்தில் அது வைக்கப்படுகிறது. மாவட்டக் குழு அதை ஜூலை 1க்குள் நிறைவேற்றியாக வேண்டும்.