வயலிற் கிடக்கும் மான்கன்று

தைப் பொங்கல் கழிந்து, மானாவாரி நிலங்களிற் சோளமும் துவரையும் அறுவடையாகும் காலத்தில், காட்டோரக் கிராமங்களிலிருந்து ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. வயலில் மான்கன்று ஒன்று தனியே கிடக்கிறது, தாயைக் காணோம், என்ன செய்வது என்பதே அக்கேள்வி. தொடாமல் விலகிச் செல்ல வேண்டும் என்பதே இதற்கு விடை. காரணம் விளங்கினாலன்றி இவ்விடை மனத்திற் பதியாதாகையால், அதனைச் சிறிது விரித்துரைப்போம்.

தாயின் வழக்கம்

குடியானவர் தம் நிலங்களிற் பெரும்பாலும் காண்பவை புள்ளிமானும் வெளிமானுமாம். புள்ளிமான் காட்டையும் காட்டோரத்தையும் சார்ந்து வாழ்வது. வெளிமான் திறந்த புல்வெளியை விரும்புவது. தூத்துக்குடி ஜில்லாவில் வல்லநாட்டிலும், நாகப்பட்டினம் ஜில்லாவில் கோடியக்கரையிலும் உள்ள சரணாலயங்களில் வெளிமான்கள் பாதுகாக்கப்படுகின்றன. புள்ளிமான் ஏறக்குறைய 8 மாதமும், வெளிமான் ஏறக்குறைய 6 மாதமும் சினை தாங்கும். இரண்டும் பெரும்பாலும் ஓர் ஈற்றில் ஒரே கன்றை ஈனும். ஆண்டின் எம்மாதத்திலும் கன்று பிறப்பதுண்டு. எனினும், பயிர் அறுபட்டு மறைவிடம் குறையும் இளவேனிற் காலத்திலேயே அவை நம் கண்ணில் மிகுதியாய்ப் படுகின்றன.

மேய்ச்சற் காட்டில் ஈன்ற பசு, கன்றைப் புதரில் மறைத்துவிட்டு மந்தையோடு மேய்ந்து வருவதை நம்மவர் பலரும் கண்டிருப்பர். பிணைமானின் வழக்கமும் அதுவே. பிறந்த சில நாட்களில் கன்றுக்கு ஓடித் தப்பும் வலிமை இல்லை. ஆகவே தாய் அதனை நக்கித் துடைத்து, நஞ்சுக்கொடியையும் தின்றுவிட்டு, வாடை மிகாதபடி புல்லிடையே படுக்க வைக்கிறது. தான் அருகிலிருந்தால் நரியும் நாயும் தன் வாடையைத் தொடர்ந்து வரும் என்பதால் எட்டி நின்று மேய்கிறது. பால் கொடுக்கும் வேளைகளில் மட்டும் வந்து போகிறது. கன்றோ, ஆபத்து நெருங்கினால் கழுத்தைத் தரையோடு நீட்டி அசையாது கிடக்கும். அதனை நாம் சோர்வென்றும், தாயில்லாமை என்றும் பிழைபடக் கருதுகிறோம்.

ஓர் அநுபவம்

சில ஆண்டுகளுக்கு முன், யாம் பணிபுரிந்த ஒரு கிராமத்தில், சோளம் அறுத்த ஆட்கள் ஒரு புள்ளிமான் கன்றைத் தூக்கி வந்து களத்திற் கட்டினார்கள். நிலத்துக்காரர் எம்மை யோசனை கேட்டார். கால்நடை வளர்ப்புப் படித்திருந்த துணிவில், பசும்பாலைக் காய்ச்சி ஆற்றிப் புட்டியில் ஊட்டும்படி யாம் கூறினோம். மறுநாள் கழிச்சல் கண்டது. மூன்றாம் நாள் கன்று இறந்தது. அவ்விரண்டு மாலையும் தாய்மான் வயலின் வரப்பில் வந்து நின்று குரல் கொடுத்ததாகக் காவற்காரர் பின்னர்ச் சொன்னார். முதல் நாளே கன்றை எடுத்த இடத்தில் விட்டிருந்தால் அது பிழைத்திருக்கக்கூடும். அப்பிழை எம்முடையது. இக்கட்டுரை எழுதுவதற்கும் அதுவே காரணம்.

மான்பால் பசுவின் பாலைவிடக் கொழுப்பும் புரதமும் மிக்கது. ஆதலால் பசும்பால் அதற்கு ஈடாகாது. மேலும், பிடித்துக் கட்டுவதால் உண்டாகும் அச்சமே தசைகளைக் கெடுத்து உயிரை மாய்த்துவிடுவதுண்டு. தப்பிப் பிழைத்து வளரும் கலைமானும் மனிதருக்கு அஞ்சாததாகிக் கொம்பு முளைத்தபின் வளர்த்தவரையே குத்தக்கூடும்.

செய்ய வேண்டுவன

1. அறுவடைக்கு முன் ஆட்கள் வரிசையாய் நடந்து வயலைப் பார்த்துவிடுதல் வேண்டும். இயந்திரத்தின் ஒலிக்குக் கன்று எழுந்து ஓடாது, படுத்தே கிடக்கும். ஜெர்மனி தேசத்திற் புல்லறுக்கும் பருவத்தில், வெப்பத்தைக் காட்டும் காமிரா பொருத்திய ட்ரோன்களை விடியற்காலையிற் பறக்கவிட்டு மான்கன்றுகளைக் கண்டுபிடிக்கின்றனர். நமக்கு நம் கண்களும் ஒரு நாழிகை நேரமும் போதும்.

2. கன்றைக் கண்டால், அதனைச் சுற்றிச் சிறிது பயிரை அறுக்காது விட்டு, ஆட்களை வேறு மூலைக்கு அனுப்புக. நாய்களைக் கட்டி வைக்க. கூட்டம் கூடி நின்றால் தாய் வாராது.

3. கன்றை ஒருவர் எடுத்துவிட்டிருந்தால், தாமதமின்றி அதே இடத்திற் கொண்டுபோய் விட்டு விலகுக. மனித வாடை பட்டால் தாய் ஏற்காது என்பது பெரும்பாலும் தவறான எண்ணம்.

4. கரும்புச் சருகுக்கும் தாளுக்கும் தீயிடுவதை அடியோடு தவிர்ப்பது நலம். கோடையில் நீர்தேடி வரும் மான்கள் விழாதிருக்க, தரைமட்டக் கிணறுகளுக்குச் சுவர் எழுப்புக.

5. தாய் இறந்து கிடந்தாலும், கன்றுக்குக் காயம் இருந்தாலும், ஒரு பகல் முழுதும் கத்திக்கொண்டு அலைந்தாலும் வனஇலாகாவுக்கு உடனே சொல்லி அனுப்புக.

சட்ட நிலை

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், பிடித்தலும் வேட்டையாடுதலாகவே கொள்ளப்படும். வெளிமான் அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. புள்ளிமானும் பாதுகாப்புப் பெற்றதே. வனவிலங்கு ஒன்று எவ்வகையிலேனும் ஒருவர் கைக்கு வந்தால், 48 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்துக்கோ, அதிகாரம் பெற்ற அதிகாரிக்கோ அவர் அறிவித்தல் வேண்டும். இரக்கத்தால் எடுத்து வளர்த்தேன் என்பது சட்டத்தின்முன் தக்க விடையாகாது. கிராம நிர்வாக அதிகாரிகள் இதனை அறுவடைக்கு முன்பே ஊராருக்கு எடுத்துரைப்பது நன்று.

மான் மேய்ந்து பயிர் அழிந்தவரிடம் இதனைச் சொல்வது எளிதன்று என்பதை யாம் அறிவோம். அந்நஷ்டம் மெய்யானது. அதனை எழுத்து மூலம் வனஇலாகாவுக்குத் தெரிவித்துப் பரிகாரம் கேட்பது குடியானவரின் உரிமை. ஆனால் அவ்வழக்கிற்கும், நேற்றுப் பிறந்து புல்லிற் கிடக்கும் கன்றுக்கும் சம்பந்தமில்லை. வரப்புக்கு அப்பால் அதன் தாய் நிற்கிறது. நாம் அகன்றால் அது வரும்.