மைதானத்தை விட்டு வெளியேறியது சரியா? கொச்சி ரசிகர்களின் தீராத விவாதமும் கால்பந்து விதிகளும்

கொச்சி: மட்டாஞ்சேரியில் கால்பந்து பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும், 2023 மார்ச் 3ஆம் தேதி இரவைத் தொடாமல் முடிவது அரிது. அன்று பெங்களூருவில் நடைபெற்ற இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) பிளே-ஆஃப் ஆட்டத்தில், நடுவரின் முடிவை ஏற்க மறுத்த கேரளா பிளாஸ்டர்ஸ் அணி, ஆட்டம் முடிவதற்கு முன்பே மைதானத்தை விட்டு வெளியேறியது. வீரர்களை அழைத்துச் சென்ற பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் செய்தது துணிச்சலா, பெரும் தவறா என்ற கேள்விக்கு ரசிகர்களிடையே இன்றும் ஒருமித்த பதில் இல்லை.

எல்லைக்கோட்டருகே நடக்கும் வாக்குவாதம், தள்ளுமுள்ளு, சிவப்பு அட்டை, பயிற்சியாளர் வெளியேற்றம் ஆகியவை நிகழும்போதெல்லாம் இதே விவாதம் மீண்டும் எழுகிறது. இதில் விதி சொல்வது என்ன, ரசிகர்கள் வேறுபடுவது எந்த இடத்தில் என்பதை விரிவாகக் காண்போம்.

அன்றிரவு நடந்தது என்ன?

பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில் நடைபெற்ற அந்த ஆட்டத்தில் 90 நிமிடங்கள் முடிந்தும் இரு அணிகளும் கோல் அடிக்கவில்லை. கூடுதல் நேரத்தின் 96ஆவது நிமிடத்தில், பிளாஸ்டர்ஸ் பெனால்டி பகுதிக்கு வெளியே பெங்களூரு அணிக்கு ஃப்ரீ கிக் வழங்கப்பட்டது. பிளாஸ்டர்ஸ் கோல்கீப்பர் பிரப்சுகன் கில், தடுப்புச் சுவர் அமைப்பதற்காகச் சக வீரர்களை ஒழுங்குபடுத்திக் கொண்டிருந்தார். அந்த இடைவெளியில் பெங்களூரு வீரர் சுனில் சேத்ரி பந்தை உதைத்து, காலியாக இருந்த வலைக்குள் அனுப்பினார். நடுவர் கிரிஸ்டல் ஜான் அதைக் கோல் என அறிவித்தார்.

பிளாஸ்டர்ஸ் வீரர்கள் நடுவரைச் சூழ்ந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். முடிவு மாறாத நிலையில், வுகோமனோவிச் எல்லைக்கோட்டுக்கு வந்து அணியை வெளியே அழைத்தார். அவர்கள் திரும்பி வராததால் வெற்றி பெங்களூரு அணிக்கு வழங்கப்பட்டது. அந்த அணி அரையிறுதியில் மும்பை சிட்டியை வென்று, இறுதிப் போட்டியில் ஏடிகே மோகன் பகானிடம் பெனால்டி ஷூட்அவுட் முறையில் தோற்றது. பிளாஸ்டர்ஸின் ஐஎஸ்எல் பருவம் அந்த 96ஆவது நிமிடத்தோடு முடிந்துபோனது.

விசில் இல்லாமல் உதைக்கலாமா?

கால்பந்து விதிகளை வகுக்கும் அமைப்பு, சர்வதேச கால்பந்து சங்க வாரியம் எனப்படும் ஐஃபாப் ஆகும். அதன் விதிப்படி, பெரும்பாலான ஃப்ரீ கிக்குகளுக்கு நடுவரின் விசில் தேவையில்லை. தவறிழைத்த அணி தடுப்பு வியூகத்தை அமைத்து முடிக்கும் வரை, பாதிக்கப்பட்ட அணி காத்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

ஆனால் சில சூழல்களில் விசில் கட்டாயமாகிறது. மஞ்சள் அல்லது சிவப்பு அட்டை காட்டப்பட்டிருந்தாலோ, காயம் அல்லது மாற்று வீரருக்காக ஆட்டம் நிறுத்தப்பட்டிருந்தாலோ, எதிரணியினரை 9.15 மீட்டர் தொலைவுக்கு நகர்த்தும் பணியில் நடுவர் இறங்கியிருந்தாலோ, விசில் ஒலித்த பின்னரே பந்தை உதைக்க முடியும்.

கொச்சி ரசிகர்களின் வாதம் இந்தக் கடைசி நிபந்தனையில்தான் நிற்கிறது. பந்தின் அருகே நின்ற பிளாஸ்டர்ஸ் வீரர் அட்ரியன் லூனாவை விலகச் சொன்ன கணத்திலேயே நடுவர் தலையிட்டுவிட்டார், எனவே விசிலுக்காகக் காத்திருக்கச் செய்திருக்க வேண்டும் என்பது அவர்கள் தரப்பு. விசிலும் சுவரும் வேண்டாம் என நடுவரிடம் முன்கூட்டியே கூறிவிட்டதாகவும், அதை அறிந்தே லூனா ஒருமுறை தன்னைத் தடுத்ததாகவும் சேத்ரி ஆட்டத்துக்குப் பின் விளக்கமளித்தார். அந்தச் சில விநாடிகளை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில்தான் இரு தரப்பும் பிரிகின்றன.

கலந்துவிடும் இரு கேள்விகள்

இந்த விவாதத்தில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. முதலாவது, நடுவரின் முடிவு சரியா என்பது. இரண்டாவது, முடிவு தவறு என்றே வைத்துக்கொண்டாலும் அணி வெளியேறலாமா என்பது.

முதல் கேள்விக்கு நியாயமான இரு பதில்கள் இருக்கலாம். இரண்டாவது கேள்விக்கு விதியில் ஒரே பதில்தான் உள்ளது. கோல் விழுந்ததா இல்லையா என்பது உட்பட, ஆட்டம் தொடர்பான உண்மைகளில் நடுவரின் முடிவே இறுதியானது என ஐந்தாவது விதி கூறுகிறது. வீடியோ உதவி நடுவர் முறையும் அப்போது ஐஎஸ்எல் தொடரில் இல்லை. ஆகவே மைதானத்திலேயே அந்த முடிவை மாற்றும் வழி பிளாஸ்டர்ஸ் அணிக்கு இருக்கவில்லை. அதேவேளை, கூடுதல் நேரத்தில் இன்னும் 20 நிமிடங்களுக்கும் மேல் எஞ்சியிருந்தன. ஒரு கோல் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்யும் வாய்ப்பு வெளியேறிய நொடியில் கைநழுவியது.

வெளியேறியதை ஆதரிப்பவர்களின் வாதம் வேறு. ஐஎஸ்எல் நடுவர்களின் தரம் குறித்து ஆண்டுக்கணக்கில் எழுந்த புகார்களுக்குச் செவிசாய்க்கப்படவில்லை, அந்த மௌனத்தை உடைக்க இத்தகைய அதிர்ச்சி தேவைப்பட்டது என்பது அவர்கள் கருத்து. வுகோமனோவிச் பொறுப்பேற்ற முதல் பருவத்திலேயே, 2022 மார்ச்சில், அணி இறுதிப் போட்டி வரை சென்று ஹைதராபாத்திடம் பெனால்டி ஷூட்அவுட்டில் தோற்றது. அந்தப் பயணம் அவர்மீது ஏற்படுத்திய பற்றும் இந்த ஆதரவுக்கு ஒரு காரணம்.

அணி கொடுத்த விலை

ஆட்டத்தை மீண்டும் நடத்த வேண்டும் என்ற பிளாஸ்டர்ஸ் அணியின் கோரிக்கையை அகில இந்தியக் கால்பந்து கூட்டமைப்பின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு நிராகரித்தது. 2023 மார்ச் 31ஆம் தேதி அறிவிக்கப்பட்ட முடிவின்படி, அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. பயிற்சியாளருக்கு 10 ஆட்டங்கள் தடையும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. இரு தரப்பும் பகிரங்கமாக மன்னிப்புக் கோர வேண்டும், தவறினால் அபராதம் முறையே 6 கோடி ரூபாயாகவும் 10 லட்சம் ரூபாயாகவும் உயரும் எனவும் குழு தெரிவித்தது.

ஏப்ரல் தொடக்கத்தில் அணியும் பயிற்சியாளரும் மன்னிப்புக் கோரினர். கூட்டமைப்பின் மேல்முறையீட்டுக் குழு 2023 ஜூனில் தண்டனையை உறுதி செய்தது.

அதே ஆண்டு செப்டம்பர் 21ஆம் தேதி புதிய பருவத்தின் முதல் ஆட்டமே கொச்சி கலூர் ஜவஹர்லால் நேரு மைதானத்தில் பெங்களூருவுக்கு எதிராக அமைந்தது. பிளாஸ்டர்ஸ் 2-1 என்ற கணக்கில் வென்றபோது வுகோமனோவிச் அணியின் இருக்கையில் இல்லை. தடை முடிந்து அவர் அக்டோபர் 27ஆம் தேதி ஒடிசாவுக்கு எதிரான ஆட்டத்தில்தான் திரும்பினார். மஞ்சள் உடையணிந்த ரசிகர்கள் அவரை உற்சாகமாக வரவேற்றனர். அந்த ஆட்டத்திலும் அணி 2-1 என வென்றது.

பயிற்சியாளருக்கும் சிவப்பு அட்டை

எல்லைக்கோட்டருகே பயிற்சியாளர்கள் நிற்பதற்கெனக் குறிக்கப்பட்ட பகுதி, அணியின் இருக்கைகளிலிருந்து இரு பக்கமும் ஒரு மீட்டர் வரை நீளும். முன்பக்கம், எல்லைக்கோட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் அது முடிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே அங்கு நின்று ஆட்ட உத்திகளைக் கூறலாம்.

முன்பு, அத்துமீறும் பயிற்சியாளரை நடுவர் வாய்மொழியாகவே வெளியேற்றி வந்தார். 2019 ஜூன் முதல் அணி அலுவலர்களுக்கும் மஞ்சள், சிவப்பு அட்டைகள் காட்டப்படுகின்றன. எதிரணியின் பகுதிக்குள் ஆவேசமாக நுழைதல், நடுவரை எதிர்கொள்ள மைதானத்துக்குள் செல்லுதல், எதிரணி ஆட்டத்தைத் தொடர்வதைத் தடுத்தல், யாரையேனும் தாக்குதல் ஆகியவை சிவப்பு அட்டைக்குரிய குற்றங்கள். கூட்டத்தில் தவறிழைத்தவர் யார் எனக் கண்டறிய முடியாவிட்டால், அப்பகுதியில் உள்ள மூத்த பயிற்சியாளருக்கே அட்டை காட்டப்படும்.

பயிற்சியாளரோ மாற்று வீரரோ வெளியேற்றப்பட்டால் மைதானத்தில் உள்ள வீரர் எண்ணிக்கை குறையாது. ஆடிக்கொண்டிருக்கும் வீரர் வெளியேற்றப்பட்டால் மட்டுமே அணி ஒருவரை இழந்து ஆட வேண்டும். ஓர் அணியின் வீரர் எண்ணிக்கை ஏழுக்குக் கீழே சென்றால் ஆட்டத்தைத் தொடர முடியாது.

ஒரு நொடிக் கோபம், ஒரு நொடி மகிழ்ச்சி

கைகலப்பில் முதலில் தூண்டியவர் தப்பிவிடுகிறார், திருப்பி அடித்தவர் வெளியேற்றப்படுகிறார் என்பது ரசிகர்களின் பொதுவான குறை. திருப்பித் தாக்குவதும் வன்முறை நடத்தையே என்பது விதி. அடி எதிராளி மீது படாவிட்டாலும், தாக்க முயன்றதே சிவப்பு அட்டைக்குப் போதுமானது. 2023 அக்டோபர் 8ஆம் தேதி மும்பையில் நடைபெற்ற ஆட்டத்தின் இறுதிக்கட்ட மோதலில், பிளாஸ்டர்ஸ் வீரர் மிலோஸ் டிரின்சிச், மும்பை சிட்டி வீரர் யோயெல் வான் நீஃப் ஆகிய இருவரும் வெளியேற்றப்பட்டனர். டிரின்சிச்சுக்குப் பின்னர் 3 ஆட்டங்கள் தடை விதிக்கப்பட்டது.

கோபம் இல்லாமலும் வெளியேற்றம் நிகழும். 2024 நவம்பர் 3ஆம் தேதி அதே மும்பை அணிக்கு எதிராக 2-2 எனச் சமன் செய்த குவாமே பெப்ரா, மகிழ்ச்சியில் சட்டையைக் கழற்றினார். அதற்கு மஞ்சள் அட்டை கட்டாயம். ஏற்கெனவே ஒரு மஞ்சள் அட்டை பெற்றிருந்ததால் அவர் வெளியேற்றப்பட்டார். பத்துப் பேருடன் ஆடிய பிளாஸ்டர்ஸ் 4-2 எனத் தோற்றது.

அட்டைகள் பிறந்ததே இத்தகைய குழப்பத்தில்தான். 1966 உலகக் கோப்பைக் காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக ஆடிய அர்ஜென்டினா கேப்டன் அன்டோனியோ ராட்டின், வெளியேற்றப்பட்ட பின்னும் நெடுநேரம் மைதானத்தை விட்டு நகரவில்லை. மொழி தெரியாதவருக்கும் முடிவு புரிய வேண்டும் என எண்ணிய நடுவர் குழுத் தலைவர் கென் ஆஸ்டன், போக்குவரத்து விளக்குகளைப் பார்த்து இந்த யோசனையைப் பெற்றார். 1970 உலகக் கோப்பையில் அட்டைகள் நடைமுறைக்கு வந்தன.

கொல்கத்தா கண்ட துயரம்

எல்லைக்கோட்டு மோதல் பார்வையாளர் பகுதிக்குப் பரவினால் விளைவு என்னவாகும் என்பதை இந்தியா கண்டிருக்கிறது. 1980 ஆகஸ்ட் 16ஆம் தேதி கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தின்போது, பிதேஷ் போஸ், திலீப் பாலித் ஆகிய இரு வீரர்கள் மோதலையடுத்து வெளியேற்றப்பட்டனர். பார்வையாளர்களிடையே வெடித்த கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் உயிரிழந்தனர்.

2012 டிசம்பர் 9ஆம் தேதி இதே அணிகள் மோதிய ஐ-லீக் ஆட்டத்தில், மோகன் பகானின் ஒடாஃபா ஒகோலி வெளியேற்றப்பட்டதும் பதற்றம் மூண்டது. பார்வையாளர் பகுதியிலிருந்து வந்த கல் ரஹீம் நபியைக் காயப்படுத்தியது. மோகன் பகான் இரண்டாம் பாதிக்கு வர மறுத்தது. முதலில் விதிக்கப்பட்ட தடை பின்னர் விலக்கப்பட்டாலும், அந்த அணி 2 கோடி ரூபாய் அபராதத்தையும் அதுவரை பெற்ற புள்ளிகள் அனைத்தையும் இழந்தது.

எஞ்சியிருக்கும் வழி

நடுவரைக் கூட்டமாகச் சூழ்வதைத் தடுக்க, கேப்டன் மட்டுமே அவரை அணுகலாம் என்ற நடைமுறை 2024 ஐரோப்பியக் கோப்பையில் பின்பற்றப்பட்டது. அதையடுத்து ஐஃபாப் இதனைப் பிற போட்டிகளுக்கும் வழிகாட்டுதலாக வெளியிட்டது. முடிவுக்கான காரணத்தைக் கேட்டறியும் வாய்ப்பு இதன்மூலம் கிடைக்கிறது. எதிர்ப்பைப் பதிவு செய்ய விரும்பும் அணி, ஆட்டத்தை முடித்த பின் கூட்டமைப்பிடம் எழுத்துப்பூர்வமாக முறையிடலாம்.

பிளாஸ்டர்ஸ் அணியும் 2023இல் முறையிட்டது. ஆனால் மைதானத்தை விட்டு வெளியேறிய பின் முறையிட்டதால், சேத்ரியின் கோல் பற்றிய கேள்வியைவிட அணியின் வெளியேற்றமே விசாரணையின் மையமானது. மட்டாஞ்சேரியில் இன்றும் விவாதிக்கப்படுவது அந்தக் கோல். அணி அபராதம் செலுத்த வேண்டி வந்ததோ, அதன்பின் எடுத்து வைத்த அடிகளுக்காக.