இதயத் தசைத் தடிப்பு: இரத்தப் பரிசோதனை எதைச் சொல்லும்?



நம்ம வாசுதேவநல்லூர் பக்கம் நடவு வயலில் ஒரு பெண்ணோ, பள்ளி மைதானத்தில் ஒரு பிள்ளையோ மயங்கி விழுந்தால் என்ன சொல்லுவோம்? "காலையில சாப்பிட்டிருக்க மாட்டா", "இரத்தம் கம்மி", இல்லாட்டி "காத்துக் கருப்பு அடிச்சிருக்கு". முதல் இரண்டும் பல நேரம் உண்மைதான். ஆனால் ஓடும்போதோ பாரம் தூக்கும்போதோ மயக்கம் வந்தால், அதிலும் அந்தக் குடும்பத்தில் சின்ன வயசில் யாராவது திடீரென்று இறந்திருந்தால், இதயத்தையும் பார்த்தே ஆக வேண்டும்.

இதயத் தசை தடித்துப் போகும் நோய் ஒன்று உண்டு. டாக்டர்கள் ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி என்பார்கள். சுமார் 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பிரஷரால் வரும் தடிப்பு வேறு. இது பெரும்பாலும் மரபணு வழியாக வருவது. எக்கோ ஸ்கேனில் இடது கீழறைச் சுவர் 15 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருக்கும். சுவர் தடித்தால் பலம்தானே என்று நினைக்காதீங்க. விறைத்துப்போன அறை சரியாக விரியாது, இரத்தம் நிறையாது. சிலருக்கு இரத்தம் வெளியேறும் வழியும் அடைபடும். தசைக்குள் தழும்பு விழுந்தால் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம்.

இது நம்ம ஊருக்கும் சம்பந்தப்பட்ட விஷயம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த தண்டபாணி, ஐதராபாத் சி.சி.எம்.பி.யின் தங்கராஜ் முதலானோர் 2009-இல் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டார்கள். இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது இந்தியர்களில் 100-க்கு 4 பேரிடம் காணப்படுகிறது, அது இதயத் தசை நோய்களோடு சேர்ந்து வருகிறது என்பதே அது. அதற்காக அந்த 4 பேருக்கும் நோய் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம்; பலர் நன்றாகவே இருக்கிறார்கள். தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் பிள்ளைக்குக் கடுமையாகலாம். அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்திலேயே கட்டிக்கொடுக்கும் நாம் இதை யோசிக்கணும்.

சரி, இரத்தத்தில் என்ன தெரியும்? இரண்டு பரிசோதனைகள் முக்கியம். ஒன்று, என்.டி. ப்ரோ பி.என்.பி. இதயச் சுவர் அழுத்தத்தில் இழுபடும்போது இது இரத்தத்தில் கூடும்; இதயம் எவ்வளவு திணறுகிறது என்று காட்டும். மற்றொன்று டிரோபோனின். இது தசை செல்லுக்குள் இருக்க வேண்டிய புரதம். செல் அடிபட்டால் வெளியே கசியும். இவை கூடக்கூட தடிப்பும் தழும்பும் அதிகமாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆனால் இந்த இரத்தப் பரிசோதனை மட்டும் நோயைக் கண்டுபிடித்துவிடாது. கிட்னி கோளாறிலும் வயதானாலும் பி.என்.பி. கூடும், மாரடைப்பிலும் டிரோபோனின் கூடும். 'நார்மல்' என்று வந்தாலும் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. அதனால் குழுவில் உள்கடன் வாங்கித் தனியார் லேபுக்கு ஓடுவதற்கு முன்னால், ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுங்க. தென்காசி அரசு மருத்துவமனையில் காட்டுங்க. இதய நிபுணர் தேவை என்றால் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதித் தரச் சொல்லுங்க.

வீட்டில் ஒருவருக்கு நோய் உறுதியானால் அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோரும் எக்கோ பார்க்க வேண்டும். அவர்களுக்கு 13 மில்லிமீட்டர் இருந்தாலே டாக்டர் கவனிப்பார். "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு, நாளைக்குக் கல்யாணம் தட்டிப்போகும்" என்று மறைப்பதும் நடக்கிறது. நோய் தெரிந்தால் மாத்திரை, ஆபரேஷன், நெஞ்சில் வைக்கும் கருவி என்று வழி இருக்கிறது. கர்ப்பமாகும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட்டால் பெரும்பாலோர் நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள்.

நோய் உள்ளவர்கள் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்யக் கூடாது. உடம்பில் நீர் வற்றினால் அடைப்பு கூடும். பழைய ரிப்போர்ட்டுகளை ஒரு பையில் பத்திரமாக வைங்க. போன தடவை எவ்வளவு, இந்தத் தடவை எவ்வளவு என்றுதான் டாக்டர் முதலில் பார்ப்பார்.