யார் முதலில் மனு போட்டது?

பெண் வீடு கேரளத்தின் வடகரப்பதி, மாப்பிள்ளை வீடு தமிழ்நாட்டின் உடுமலைப்பேட்டை, கல்யாணம் பொள்ளாச்சி மண்டபத்தில். கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் இது சர்வசாதாரணம். கோபாலபுரம் சோதனைச்சாவடியைப் பார்த்து இங்கே யாரும் சம்பந்தம் பேசுவதில்லை. எல்லைக்கோடு கண்ணில் படுவது கல்யாணம் முறிகிற நாளில்தான். தமிழ்நாட்டுக் கோர்ட்டின் முத்திரையோடு ஒரு சம்மன் பாலக்காடு மாவட்ட விலாசத்துக்கு வந்து சேர்கிறது. வாய்தா தேதிக்குச் சில வாரங்களே இருக்கின்றன.

எல்லையோர வாசகர்களின் கடிதங்களில் பெரும்பாலானவை இந்தச் சம்மனைச் சுற்றியே வருகின்றன. வேறு மாநிலத்துக் கோர்ட் கூப்பிட்டால் போயாக வேண்டுமா? நம்ம ஊர் வக்கீல் அங்கே ஆஜராகலாமா? கேஸைப் பாலக்காட்டுக்கு மாற்றச் சொல்லி யாரிடம் கேட்பது?

முதல் இரண்டுக்கும் பதில் சுருக்கமானது. போயாக வேண்டும், நேரிலோ வக்கீல் மூலமோ. சம்மனை வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். அதை ரத்து செய்யக் கேட்பதற்கு இருப்பது 30 நாள். பதில் மனுவுக்கும் 30 நாள்தான், கோர்ட் அனுமதித்தால் 90 வரை நீளும். வக்கீல் விஷயத்தில் எல்லை கிடையாது. வழக்கறிஞர் சட்டத்தின் 30-ஆவது பிரிவு 2011-இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, எந்த மாநிலத்தில் பதிவு செய்தவரும் இந்தியாவின் எந்த நீதிமன்றத்திலும் தொழில் செய்யலாம்.

மூன்றாவது கேள்வியில்தான் விவகாரம் இருக்கிறது. கொடுமை, கைவிட்டுப் போதல், பிறருடன் உறவு என்று டைவர்ஸுக்கான காரணங்களை டிவி சீரியல்களே எல்லோருக்கும் மனப்பாடம் செய்துவைத்துவிட்டன. எந்த ஊர்க் கோர்ட் என்பதை எந்தச் சீரியலும் சொல்வதில்லை. வழக்கின் பாதி அங்கேயே முடிவாகிவிடுகிறது.

1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் 19-ஆவது பிரிவில் பல கதவுகளைத் திறந்துவைத்திருக்கிறது. கல்யாணம் நடந்த ஊரில் மனு போடலாம். எதிர்த்தரப்பு குடியிருக்கும் ஊரில் போடலாம். இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊரிலும் போடலாம். 2003-இல் இன்னொன்றும் சேர்ந்தது: மனைவி மனு போடுவதானால் அவர் இப்போது குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். பிறந்த வீட்டுக்குத் திரும்பிய பெண்ணுக்குப் பெரிய சலுகை என்று அப்போது பேசப்பட்டது. சலுகைதான், ஆனால் அவர் மனு போட்டால் மட்டுமே. கணவர் முந்திக்கொண்டு கல்யாணம் நடந்த ஊரைக் காட்டி மனு போட்டுவிட்டால் அந்தச் சலுகைக்கு என்ன ஆகிறது என்பது அதே சட்டத்தின் 21ஏ பிரிவைப் படித்தால்தான் தெரியும்.

1976-இல் நுழைந்த பிரிவு அது. கணவனும் மனைவியும் தனித்தனியாக, வெவ்வேறு கோர்ட்டுகளில் டைவர்ஸோ நீதிமுறைப் பிரிவோ கேட்டு மனு போட்டால் என்ன செய்வது என்று சொல்கிறது. இரண்டாவதாக வந்த மனு, முதலில் வந்த மனு இருக்கும் கோர்ட்டுக்குப் போக வேண்டும். இரண்டும் சேர்த்து விசாரிக்கப்படும். வேறு மாநிலக் கோர்ட்டாக இருந்தாலும் இதே கதைதான் என்று பிரிவே வெளிப்படையாக எழுதியிருக்கிறது. ஒரே குடும்பச் சண்டையில் இரண்டு கோர்ட் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது என்பது இதன் நியாயம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் இது ஓர் ஓட்டப் பந்தயம். பெண் வீட்டார் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கலாம் என்று காத்திருக்கும் நாளில், எதிர்த்தரப்பு வக்கீல் ஆபீஸில் மனு டைப் ஆகிக்கொண்டிருக்கும். பொறுமையாக இருந்தவருக்குத்தான் நஷ்டம்.

பந்தயத்தில் தோற்றவர் கேஸை மாற்றக் கேட்கலாம். அங்கேதான் மாநில எல்லை குறுக்கே வருகிறது. கணவர் காசர்கோட்டில் மனு போட்டிருந்தால், அதைப் பாலக்காட்டுக்கு மாற்ற எர்ணாகுளம் ஹைகோர்ட்டால் முடியும். இரண்டும் அதன் கீழ் உள்ள கோர்ட்டுகள். கோவையில் போட்டிருந்தால் முடியாது. கொழிஞ்சாம்பாறைக்குக் கோவை ஒரு பஸ் தூரம், காசர்கோடு மாநிலத்தின் வடகோடி. இருந்தும் கோவை சென்னை ஹைகோர்ட்டின் கீழ் வருகிறது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு உரிமையியல் வழக்கை மாற்றும் அதிகாரம், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 25-ஆவது பிரிவுப்படி டெல்லியில் உள்ள உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே. 1976 திருத்தத்துக்கு முன்பு இந்த அதிகாரம் மாநில அரசிடம் இருந்தது. 23-ஆவது பிரிவின் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு சில ஹைகோர்ட்டுகள் தாங்களே பக்கத்து மாநிலத்துக்கு வழக்கை மாற்றிப் பார்த்தன. அந்த வழியையும் 2008-இல் உச்ச நீதிமன்றம் அடைத்துவிட்டது.

இடுக்கியிலும் இதே நிலைதான். மூணாறு எஸ்டேட்டில் மனைவி, போடியில் கணவர் என்றால் மலை இறங்கினால் தேனி மாவட்டம். வழக்கு மலை ஏற வேண்டுமென்றால் டெல்லி போய் வர வேண்டும்.

டெல்லி என்றால் செலவு. உச்ச நீதிமன்றத்தில் எந்த வக்கீலும் மனு தாக்கல் செய்துவிட முடியாது. அதற்கென்று தேர்வு எழுதிப் பதிவு பெற்ற வழக்கறிஞர் மூலம்தான் போட வேண்டும். பாலக்காடு மாவட்டச் சித்தூர் வக்கீலுக்கு அப்படி ஒருவரைத் தெரிந்திருக்கிறதா என்பதை முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது. இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை: இடமாற்ற மனு போட்டதாலேயே கோவை வழக்கு நின்றுவிடாது. உச்ச நீதிமன்றம் தடை உத்தரவு தரும்வரை அங்கே வாய்தாக்களுக்கு ஆள் போய்க்கொண்டிருக்க வேண்டும்.

ஆறுதலான பக்கமும் உண்டு. 21ஏ என்ன சொன்னாலும் தன்னுடைய 25-ஆவது பிரிவு அதிகாரம் அதனால் குறையாது என்று உச்ச நீதிமன்றம் 1981-லேயே தெளிவாக்கியது. முந்தி மனு போட்டவர் முந்தினவராகவே இருந்துவிட முடியாது. திருமண வழக்குகளில் இடமாற்றத்தை முடிவுசெய்யும்போது பொதுவாக மனைவியின் வசதியையே பார்க்க வேண்டும் என்று 2022-இல் ஒரு தீர்ப்பு வந்தது; அது வேலூரிலிருந்து சென்னைக்கு வழக்கை மாற்றக் கேட்ட வழக்கு. வீடியோ விசாரணை இருக்கும்போது இடமாற்றம் எதற்கு என்று எதிர்த்தரப்பு கேட்கும். அதற்கும் பதில் இருக்கிறது. 2017 மார்ச்சில் இரண்டு நீதிபதிகள் வீடியோ வழிக்கு ஆதரவாகச் சொன்னதை, அதே ஆண்டு அக்டோபரில் மூன்று நீதிபதிகள் அமர்வு மாற்றியது. சமரசப் பேச்சு தோற்ற பிறகு, இருவரும் சம்மதித்தால் குடும்ப நீதிமன்றம் அதைப் பரிசீலிக்கலாம் என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. நீதிபதி சந்திரசூட் மட்டும் உடன்படவில்லை.

டெல்லிக்குப் போன இடமாற்ற மனு சில நேரம் வேறு வழியில் திரும்புகிறது. இரு தரப்பையும் சமரச மையத்துக்கு அனுப்பிப் பேசவைத்து, அரசியல் சட்டத்தின் 142-ஆவது பிரிவைக் கொண்டு கல்யாணத்தையே உச்ச நீதிமன்றம் கலைத்துவிடுவதுண்டு. மீட்க முடியாதபடி முறிந்த கல்யாணத்தை இந்த அதிகாரத்தால் கலைக்கலாம் என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு 2023 மே 1 அன்று சொன்ன புகழ்பெற்ற தீர்ப்பும், 2014-இல் பதிவான ஓர் இடமாற்ற மனுவில் பிறந்ததுதான். பாலக்காடு குடும்ப நீதிமன்றத்துக்கோ கோவை நீதிமன்றத்துக்கோ அந்த அதிகாரம் இல்லை. “முறிந்துபோச்சு, முடிச்சு விடுங்க” என்று அங்கே கேட்டுப் பயனில்லை.

டைவர்ஸ் மனுவுக்குத்தான் இத்தனை சுற்று. மற்ற வழக்குகள் எல்லையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஜீவனாம்ச மனுவை மனைவி தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். அதற்கான பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 144 ஆகியிருக்கிறது. உத்தரவு கிடைத்தால் கணவர் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊர் மாஜிஸ்திரேட்டிடம் காட்டி வசூலிக்கலாம். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்திலிருந்தே மனு போடலாம். உத்தரவு இந்தியா முழுக்கச் செல்லும். உடுமலையில் நடந்த கொடுமைக்குக் கொழிஞ்சாம்பாறை போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கலாம் என்பதற்கு 2019-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு துணை நிற்கிறது. பெண் தஞ்சம் புகுந்த ஊரிலும் வழக்கு நடக்கலாம் என்றது அது.

அரசாங்கம் சொல்லும் கால அளவுகளைக் காலண்டரில் குறித்துவைக்க வேண்டாம். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த ஆறு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்கிறது இந்து திருமணச் சட்டம். இடைக்கால ஜீவனாம்சத்தை 60 நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும் என்கிறது இன்னொரு சட்டம். இரண்டிலும் ‘இயன்றவரை’ என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, வழக்கு நடப்பது அந்தச் சொல்லின் வேகத்தில்தான். இருவரும் சம்மதித்துப் போடும் கூட்டு மனுவில் ஆறு மாதக் காத்திருப்பு கட்டாயம் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். ஏற்கெனவே ஒன்றரை ஆண்டு பிரிந்திருந்து, பணம், பிள்ளைகள் எல்லாம் பேசி முடிந்து, சமரசத்துக்கு வழியே இல்லை என்றால் அதைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017 செப்டம்பரில் தீர்ப்பாகிவிட்டது. ஆனால் கடைசி உத்தரவு வரும்வரை ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அது 1991-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. பேசிய தொகை முழுவதையும் முதல் நாளே கொடுத்தவர்கள் கைபிசைவது இதனால்தான்.

நகையைத் திரும்பக் கேட்பவர்கள் கேரளத்தின் புதுக் கட்டணத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். குடும்ப நீதிமன்றத்தில் சொத்து, பவுன், பணம் கேட்டுப் போடும் மனுவுக்கு முன்பு 50 ரூபாய்தான். 2024 பட்ஜெட்டுக்குப் பிறகு ஒரு லட்சம் வரை 200 ரூபாய். ஐந்து லட்சம் வரை அரை சதவீதம். அதற்கு மேல் ஒரு சதவீதம், உச்ச வரம்பு இரண்டு லட்சம். 20 லட்ச ரூபாய் நகை கேட்டால் 20,000 ரூபாய் கட்ட வேண்டும். மாமியார் வீட்டில் நகையைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர், அதைக் கேட்பதற்கே முதலில் அரசுக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது.

மற்ற கேள்விகள் சுருக்கமாக:

பெண்களுக்கு இலவச வக்கீல் உண்மையா? உண்மை, வருமான வரம்பு கிடையாது, உச்ச நீதிமன்ற இடமாற்ற மனுவுக்கும் பொருந்தும், 15100 என்ற தொலைபேசி எண்ணில் கேட்கலாம்.

சாட்சியைத் தமிழில் சொல்லலாமா? சொல்லலாம், பதிவானதைத் தமிழில் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

கிறிஸ்தவர்களுக்கு? சர்ச் கொடுக்கும் ரத்து சட்டத்தின் முன் டைவர்ஸ் ஆகாது. கூட்டு மனுவுக்கு முன் ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கேரள ஹைகோர்ட் 2022 டிசம்பரில் நீக்கிவிட்டது.

முஸ்லிம் மனைவி தானே மணத்தை முறித்துக்கொள்ளும் குலா? கேரளத்தில் 2021 தீர்ப்புக்குப் பிறகு கோர்ட்டுக்கு வெளியே சொல்லி, குடும்ப நீதிமன்றத்தில் பதிவு பெறலாம். ஜமாஅத் கொடுக்கும் குலா சான்றிதழ் செல்லாது என்று சென்னை ஹைகோர்ட் 2023-இல் சொல்லியிருக்கிறது.

சுயமரியாதைத் திருமணம் கொழிஞ்சாம்பாறையில் நடந்தால்? அதைச் செல்லுபடியாக்கும் தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தம் தமிழ்நாட்டுக்கு மட்டும். வக்கீலிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மறுமணம் எப்போது? போட்டியிட்டு வாங்கிய டைவர்ஸ் என்றால் அப்பீல் காலம் முடிந்த பிறகு. குடும்ப நீதிமன்றச் சட்டம் அதை 30 நாள் என்கிறது, இந்து திருமணச் சட்டம் 90 நாள் என்கிறது. அப்பீல் போடுகிறவர் 30-ஐயும், மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கிறவர் 90-ஐயும் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.